பிணம் போட்ட கேஸ்

1909 மே மாதம் டார்ஜிலிங்கில் ஒரு மைனர் செத்துப்போனார். 1930-இல் அவரே டாக்கா கோர்ட்டுக்கு வந்து, ‘என் சொத்தை என்னிடம் கொடுங்கள்’ என்று கேஸ் போட்டார். 1936-இல் ஜெயித்தார். 1946-இல் மறுபடியும் செத்தார். கதை இவ்வளவுதான். அவசர ஜோலி உள்ளவர்கள் இத்துடன் எழுந்து போகலாம். உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆலங்கட்டி மழை, ஆர்சனிக், நாகா சாமியார்கள், புலி நகக் கீறல், ஒரு மச்சம் எல்லாம் பாக்கி இருக்கின்றன. மச்சம் எங்கே இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிட முடியாது. வீட்டில் எல்லோரும் படிக்கிற பத்திரிகை.

டாக்காவுக்கு வடக்கே பவால் என்றொரு ஜமீன். ஐந்நூறு சதுர மைலுக்கு மேல் நிலம். கிழக்கு வங்காளத்தில் டாக்கா நவாப்புக்கு அடுத்தபடி இவர்கள்தான். தலைமை இடம் ஜெய்தேப்பூர். ராஜா ராஜேந்திர நாராயண ராய் 1901-இல் காலமானபோது மூன்று பிள்ளைகளை விட்டுப் போனார். மூவருக்கும் ஒரு வெள்ளைக்கார வாத்தியாரை அமர்த்திப் பார்த்தார்கள். படிப்பு ஏறவில்லை.

நம்முடைய கதாநாயகர் நடுப்பிள்ளை, ரமேந்திர நாராயண ராய். ஊர் அவரை ‘மேஜோ குமார்’ என்று கூப்பிட்டது, நடு இளவரசர் என்ற கணக்கில். இளவரசர் காலையில் எழுந்தால் யானை, பிறகு வேட்டை, சாயங்காலமானால் பெண்கள். ஏடும் எழுத்தாணியும் அவருடைய தினசரியில் எந்த இடத்திலும் குறுக்கிடவில்லை. தன் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரியும். கடன் வாங்க அது போதும். 1902-இல் பிபாவதி என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணைக் கட்டிவைத்தார்கள். கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கை வங்காளத்திலும் உண்டு. காலில் கட்டு விழுந்தது உண்மை, ஆனால் அது மேகநோய்ப் புண்ணுக்குப் போட்ட கட்டு.

இருபத்தைந்து வயதில் அவர் சாதித்தது இவ்வளவுதான்: அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வியாதி, அதற்குச் சமமான அளவில் எழுத்தறிவின்மை. இந்த இரண்டையும் வாசகர்கள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பல லட்சம் ரூபாய் சொத்து இவற்றை நம்பித்தான் நிற்கப்போகிறது.

1909 ஏப்ரலில் உடம்பைத் தேற்றுவதற்காக குமாரை டார்ஜிலிங்குக்குக் கூட்டிப்போனார்கள். மனைவி பிபாவதி, மச்சினர் சத்தியேந்திரநாத் பானர்ஜி, ஆசுதோஷ் தாஸ்குப்தா என்ற குடும்ப டாக்டர், ஒரு பட்டாளம் வேலைக்காரர்கள். ‘ஸ்டெப் அசைட்’ என்ற பங்களாவில் இறங்கினார்கள். பங்களா ராசியில்லாதது போலிருக்கிறது: 1925-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் காலமானதும் அதே வீட்டில்தான். மே முதல் வாரத்தில் குமாருக்கு வயிற்றில் கடும் வலி. சிவில் சர்ஜன் கால்வர்ட் வந்து பார்த்தார். பித்தப்பைக் கல் என்று சர்டிபிகேட் எழுதினார்கள். குமார் காலி.

இது வரைக்கும் இரு கட்சிக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம் அவர் எத்தனை மணிக்கு காலியானார் என்பதில்தான்.

மச்சினர் கட்சி சொன்ன கதையில் சுவாரசியமே கிடையாது. நள்ளிரவில் உயிர் போனது, மறுநாள் காலை ஊர்வலமாக எடுத்துப்போய் முறைப்படி எரித்தோம், அவ்வளவுதான், சாம்பல்.

எதிர்க்கட்சியின் கதையில்தான் விஷயம் இருக்கிறது. குமார் ‘செத்தது’ சாயங்காலமே. இரவோடு இரவாகப் பாடையில் கட்டிச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனார்கள். போன இடத்தில் காற்றும் ஆலங்கட்டி மழையும் பிடித்துக்கொண்டன. மலை மழை, மே மாதக் குளிர், கும்மிருட்டு. செத்தவருக்கு ஜலதோஷம் பிடிக்காது என்ற தைரியத்தில் பாடையை அப்படியே போட்டுவிட்டு, தூக்கி வந்தவர்கள் ஒதுங்க இடம் தேடி ஓடினார்கள். மழை விட்டதும் திரும்பி வந்து பார்த்தால் பாடை இருக்கிறது. ஆள் இல்லை.

பிணத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது? குடையைத் தொலைத்தாலே நம் வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்க வேண்டும். ஆகவே அவசரத்துக்கு வேறொரு பிணம் தேடிப் பிடிக்கப்பட்டது. காலையில் முகத்தை மூடி ஊர்வலமாகக் கொண்டுபோய் எரிக்கப்பட்டது அதுதான் என்றது எதிர்க்கட்சி. அந்த அனாமத்துப் பிணம் யாருடையது என்று இந்த வழக்கில் யாரும் மெனக்கெட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. ஜமீன்தாராக இல்லாமல் செத்தால் இதுதான் கதி.

தொலைந்த பிணத்தின் கதை இப்படிப் போகிறது: சுடுகாட்டுப் பக்கத்தில் தங்கியிருந்த நாகா சாமியார்கள் நாலு பேருக்கு முனகல் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் பாடையில் ஒருவர் நனைந்துகொண்டிருக்கிறார், மூச்சு இருக்கிறது. தூக்கிப்போய்க் காப்பாற்றினார்கள். கண் விழித்தவருக்குத் தான் யார் என்பது மறந்துபோயிருந்தது. மறந்ததில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. சாமியார்களோடு சாமியாராக ஊர் ஊராகத் திரிந்தார், தீட்சை வாங்கிக்கொண்டார், குரு தரம்தாஸின் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொண்டார்.

இங்கே ஜெய்தேப்பூரில் காரியம் நடந்தது. அப்போதே, உடம்பு சரியாக எரியவில்லையாமே, தர்ப்பையில் பொம்மை செய்து எரித்துவிட்டுக் காரியம் செய்யலாமா என்றுகூட ஒரு பேச்சு எழுந்ததாகப் பிற்பாடு கோர்ட்டில் சொன்னார்கள். பொம்மை எரிக்கப்படவில்லை. முப்பதாயிரம் ரூபாய் இன்ஷூரன்ஸ் பணம் மட்டும் தங்குதடையில்லாமல் வந்து சேர்ந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இவர் விஷயத்தில் முதல் பாதி பொருந்தாது.

1910-இல் மூத்த குமார் போனார், 1913-இல் இளைய குமார். மூன்று பேருக்கும் வாரிசு கிடையாது. கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் வந்து ஜமீனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. நம்மூரில் ராமநாதபுரத்தையும் ஒரு காலத்தில் இப்படி மடியில் வைத்திருந்தவர்கள்தான். சொத்துக்காரர்கள் சின்னப்பிள்ளைகள் அல்லது விதவைகள், ஆண்டு அனுபவிக்கத் தெரியாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் சர்க்கார் இலாகா அது. பிபாவதி கல்கத்தாவில் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். அவருடைய பங்கு வருமானத்தை அண்ணன் சத்தியேந்திரர் அக்கறையோடு கவனித்துக்கொண்டார். இப்படியாகப் பன்னிரண்டு வருஷம் எல்லோரும் சௌக்கியம்.

1921 தொடக்கம். டாக்காவில் பூரிகங்கா நதிக்கரையில் பக்லண்ட் பந்து என்ற கரைச்சாலை. சாயங்காலம் காற்று வாங்க வருகிறவர்கள் ஒரு சந்நியாசியைப் பார்த்தார்கள். ஜடாமுடி, உடம்பெல்லாம் சாம்பல், எதிரே எரியும் துனி நெருப்பு. பேச்சு ஹிந்தி. ராத்திரி பகல், மழை வெயில் பாராமல் அதே இடத்தில் இருந்தார். கூட்டம் கூடிற்று. சாம்பலுக்கு அடியில் தோல் நல்ல சிவப்பாக இருக்கிறதே, கண் பழுப்பாக இருக்கிறதே, மேஜோ குமார் சாயலாக இருக்கிறதே என்று ஒருவர் சொல்ல, கேட்டவர் அதையே கொஞ்சம் பெரிதாக்கி அடுத்தவரிடம் சொல்ல, ஏப்ரலில் சந்நியாசியை யானை மேல் ஏற்றி ஜெய்தேப்பூருக்கே கொண்டு வந்துவிட்டார்கள். யானை ஏறும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று குறிப்பில்லை. எனக்கென்னவோ அதுதான் முதல் சாட்சியம் என்று தோன்றுகிறது.

குமாரின் சகோதரி ஜோதிர்மயி தேவி அவரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டுக் கவனித்தார். சாப்பிடுகிறபோது விரல் எப்படிப் போகிறது, நாக்கு எப்படி வெளியே வருகிறது, பாதத்தில் செதில் இருக்கிறதா என்று பார்த்தபடி பரிமாறினார். சந்நியாசி தான் யாரென்று வாயைத் திறக்கவில்லை. சகோதரி உண்ணாவிரதம் இருக்கும் அளவுக்குப் போனார். மே 4-ஆம் தேதி வீட்டு வாசலில் கூட்டம் திரண்டு நிற்க, விசாரணை நடந்தது.

“உம்ம பேர் என்ன?”

“ரமேந்திர நாராயண ராய் சௌத்ரி.”

“தகப்பனார்?”

“ராஜா ராஜேந்திர நாராயண ராய் சௌத்ரி.”

“தாயார்?”

“ராணி பிலாஸ்மணி தேவி.”

கூட்டத்தில் ஒரு விவரமானவர் குறுக்கே வந்தார். ராஜா ராணி பெயரெல்லாம் ஊருக்கே தெரியும் ஐயா. உமக்குப் பால் கொடுத்த ஆயா பெயரைச் சொல்லும் பார்ப்போம்!

“அலோகா.”

அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள், ஆண்கள் ஜயகோஷம் போட்டார்கள், சந்நியாசி மூர்ச்சை போட்டார். யாரும் பிறகு படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கில் குடியானவர்கள் வந்து பார்த்து, காணிக்கை வைத்துக் கும்பிட்டார்கள். உயிரோடு இருந்தபோது குமார் இந்த ஜனங்களுக்காக ஒரு துரும்பைக்கூட அசைத்ததில்லை. ஆனால் இப்போது மேலே இருப்பது கோர்ட் ஆஃப் வார்ட்ஸ். உருப்படாத ஜமீன்தாருக்கும் உருப்படியாக வரி வசூலிக்கும் கலெக்டருக்கும் நடுவில் ஜனங்கள் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம்.

கலெக்டர் லிண்ட்ஸே சந்நியாசியைக் கூப்பிட்டு ஒருமுறை பேசிப் பார்த்தார். 1921 ஜூன் 3-ஆம் தேதி நோட்டீஸ் ஒட்டினார்: மேஜோ குமார் டார்ஜிலிங்கில் எரிந்து சாம்பலானதற்கு நிச்சயமான ருசு இருக்கிறது, இந்தச் சாமியார் ஆள்மாறாட்டப் பேர்வழி, இவருக்கு எவனாவது வரி கட்டினால் அவன் பாடு. தமுக்கு அடித்து இதைப் படித்த ஓர் ஊரில் கலவரம் மூண்டு துப்பாக்கிச் சூடு வரை போனது, ஓர் உயிரும் போனது. டாக்காவிலும் கல்கத்தாவிலும் அச்சாபீஸ்காரர்கள் குஜிலிப் பதிப்பு மாதிரி சின்னச் சின்னப் புஸ்தகமாகப் போட்டுத் தள்ளினார்கள். செத்து வந்தவரால் முதலில் பிழைத்தது அவர்கள்தான்.

ஒன்பது வருஷம் மனு, மகஜர் என்று இழுத்தடித்த பின் 1930-இல் கேஸ் பதிவானது. வாதி: ரமேந்திர நாராயண ராய். முதல் பிரதிவாதி: அவருடைய விதவை. இந்த ஒரு வரிக்காகவே கேஸ் கட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம்.

டாக்கா ஜட்ஜ் பன்னாலால் பாசு முன்னால் 1933 கடைசியில் விசாரணை தொடங்கிற்று. வாதி பக்கம் சாட்சிகள் ஆயிரத்துக்கு மேல். பிரதிவாதிகள் பக்கம் நானூற்றுக்கு மேல். குமாரோடு பழகிய தாசி ஒருத்தியும் கூண்டு ஏறினாள். வாயை மூடிக்கொள்ளப் போலீஸ் காசு பேசியது என்று கூண்டில் நின்றே சொன்னாள். ஊர்ப் பெரிய மனிதர்கள் பலர் அன்று பேப்பர் படிக்கும்போது கை நடுங்கியிருக்கும்.

பிரதிவாதிகள் வக்கீல் சௌத்ரி ஒரு தப்புக் கணக்குப் போட்டார். எங்கள் குமார் சீமான் வீட்டுப் பிள்ளை, படித்தவர், இங்கிலீஷ் பேசுவார், துரைகளோடு துரையாகப் பழகினவர் என்று படம் வரைந்தார். பிறகு சந்நியாசியைக் கூண்டில் நிறுத்தி, இங்கிலீஷ் விளையாட்டு, இங்கிலீஷ் உடுப்பு என்று குறுக்கு விசாரணையில் துளைத்தார். சந்நியாசிக்கு ஒன்றும் தெரியவில்லை. பார்த்தீர்களா, போலி! என்று வக்கீல் திரும்பினார்.

வாதி வக்கீல் பி.சி. சாட்டர்ஜிக்கு அதற்கு மேல் சிரமமே இல்லாமல் போயிற்று. அசல் குமாருக்கு மட்டும் என்ன தெரியும்? என்று கேட்டார். குமாருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது என்று சாட்சிகள் வரிசையாக வந்து சத்தியம் செய்தார்கள். குமார் மனைவிக்கு எழுதியதாகப் பிரதிவாதிகள் காட்டிய கடிதங்களை ஜட்ஜ் நம்பவில்லை. ஆக, கேட்ட கேள்விக்கெல்லாம் திருதிருவென்று விழித்ததே அவர் அசல் என்பதற்கு அத்தாட்சி ஆயிற்று. இந்த மனிதர் சின்ன வயதில் வெள்ளைக்கார வாத்தியார் சொன்னதில் கால்வாசி கேட்டிருந்தாலும் ஜமீன் கைவிட்டுப் போயிருக்கும். நாம் அறிந்தவரை, படிக்காததற்காக நீதிமன்றம் இவ்வளவு பெரிய பரிசு கொடுத்தது இந்த ஒரு தடவைதான்.

அடுத்து உடம்பு. பாசு அதைத் தலை முதல் பாதம் வரை வயலை அளப்பது மாதிரி அளந்தார். காது மடலின் கோணம், கீழுதட்டின் கோணல், உடைந்த கடைவாய்ப் பல், கண்ணிமைக்குக் கீழே ஒரு சதைத் துணுக்கு, செதில் பாய்ந்த பாதம், கணுக்காலில் தழும்பு, அரையில் அறுவை செய்த வடு, வலது கையில் புலி நகக் கீறல், ஆறாம் நம்பர் ஷூ. மேகநோய்ப் புண் வந்து போன அடையாளம் உண்டா இல்லையா என்று டாக்டர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதாடினார்கள். ஜென்மத்தில் செய்த அத்தனை திருவிளையாடலும் ரசீது போட்டு வைத்ததுபோல உடம்பில் பதிந்திருந்தது. நல்லவராக வாழ்ந்திருந்தால் காட்டுவதற்கு என்ன இருந்திருக்கும்?

மச்சம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சொன்ன சொல் தவறக்கூடாது. ஆண்மகனுக்கு மட்டுமே உள்ள அங்கத்தில், மிகச் சிறியதாக, இருந்தது. அதை அடையாளம் சொன்னவர்களும், உண்டு என்று எழுதிவைத்த ஜட்ஜும் முகத்தை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று யோசிப்பதோடு இந்த விஷயத்தை விட்டுவிடலாம்.

பிரதிவாதிகள் சும்மா இருக்கவில்லை. இவர் பஞ்சாபி, லாகூர்ப் பக்கத்து ஆள், பெயர் மால் சிங் என்று நிரூபிக்கக் குருவையே கூட்டிவந்தார்கள். தரம்தாஸ் நாகா மொழிபெயர்ப்பாளர் மூலம் சாட்சி சொன்னார்: ஆமாம், என் சிஷ்யன் மால் சிங்தான். வாதி கட்சி சளைக்காமல், இந்தக் குருவே போலி என்றது. அசல் இளவரசரா போலி இளவரசரா என்று பார்க்க உட்கார்ந்த கோர்ட், அசல் குருவா போலி குருவா என்று பார்க்க வேண்டியதாயிற்று. ‘வங்காளத்து ராஜகுமாரர் என்றால் ஏன் ஹிந்தி வாடையோடு வங்காளி பேசுகிறார்?’ என்பது இன்னொரு கேள்வி. பன்னிரண்டு வருஷம் சாமியார்களோடு அலைந்தால் வராதா என்றார்கள். டார்ஜிலிங்கில் அன்று ராத்திரி மழை பெய்ததா இல்லையா என்று பார்க்க, கால் நூற்றாண்டுக்கு முந்திய மழைக் கணக்குப் புஸ்தகம் வந்தது. அதில் மழை இல்லை என்று இருந்தது. கணக்குப் புஸ்தகத்தைத் திருத்திவிட்டார்கள் என்றது வாதி கட்சி. குமாருக்கு வயிற்றுவலி வந்தது கல்லாலா, ஆர்சனிக்காலா என்ற ஆராய்ச்சியும் நடந்தது. விஷம் வைத்தார்கள் என்று குற்றம் சாட்டினாலும் கொலைக் கேஸ் போட வழியில்லை. கொலையுண்டவர்தான் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே.

1936 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, 532 பக்கத்தில் தீர்ப்பு: இவர்தான் அவர். எழுதி முடித்ததும் பாசு வேலையை விட்டு ஓய்வு பெற்றார். இதற்குப் பிறகு வாய்க்கால் தகராறு விசாரிக்க யாருக்கு மனம் வரும்?

மேல்முறையீடு கல்கத்தா ஹைகோர்ட்டில் மூன்று ஜட்ஜுகள் முன்னால். விசாரணை முடிந்ததும் காஸ்டெல்லோ துரை விடுமுறைக்குச் சீமைக்குப் போனார், ஹிட்லர் யுத்தத்தைத் தொடங்கினான், துரை அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கே சாரு சந்திர பிஸ்வாஸ் ‘அசல்’ என்றார். லாட்ஜ் துரை ‘போலி’ என்றார். ஒன்றுக்கு ஒன்று. ஒரு ஜமீனின் தலைவிதி உறைக்குள் போட்டுக் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது, அதுவும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த சமயத்தில். காஸ்டெல்லோவின் அபிப்பிராயம் வந்து சேர்ந்தது. 1940 நவம்பர் 25-ஆம் தேதி அறிவித்தார்கள்: இரண்டுக்கு ஒன்று, அசல்தான்.

பிபாவதி விடவில்லை, பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1946 ஜூலை 30-ஆம் தேதி லண்டனில் தேங்கர்ட்டன் பிரபு, டு பார்க் பிரபு, நம் மதராஸ் ஹைகோர்ட்டில் ஜட்ஜாக இருந்த சர் மாதவன் நாயர் மூவரும் அப்பீலைத் தள்ளுபடி செய்தார்கள். அதற்கு மேல் போவதற்குச் சாம்ராஜ்யத்தில் கோர்ட் இல்லை.

சேதி கல்கத்தாவுக்கு வந்ததும் குமார் நன்றி சொல்லக் காளி கோயிலுக்குப் போனார். அங்கேயே பக்கவாதம் தாக்கிற்று. இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. இந்தத் தடவை யாரும் தகராறு செய்யவில்லை. பதினாறு வருஷ வழக்கில் ஜெயித்த ஜமீனுக்கு அடுத்த வருஷம் பிரிவினை வந்தது. 1950-இல் கிழக்கு வங்காளத்தில் ஜமீன் முறையையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஜெய்தேப்பூர் அரண்மனையில் இன்று காஜிபூர் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. லிண்ட்ஸேயின் வாரிசுகள்தான் கடைசியில் ஜெயித்தார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்தக் கதையில் குமாரை விட பிபாவதி மேல்தான் பிரமிப்பு. ஆயிரம் சாட்சிகள், ஐந்நூறு பக்கம், மூன்று கோர்ட்டுகள் எல்லாம் ஒரே குரலில் ‘அம்மா, உன் புருஷன் இவர்தான்’ என்றபோதும், ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு இருந்தார். அந்தச் சாவு கூட வேஷக்காரனுக்குத் தெய்வம் கொடுத்த தண்டனை என்றுதான் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னது பொய்யோ மெய்யோ, சட்டம் அவரை என்ன பாடு படுத்தியது பாருங்கள்: இருபது வயதில் விதவை, 1936-இல் ஜட்ஜ் பாசு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்ட நிமிஷத்தில் சுமங்கலி, பத்து வருஷம் சட்டப்படி சுமங்கலியாக வெள்ளைப் புடவையில் இருந்துவிட்டு, 1946 ஆகஸ்டில் அதே புருஷனுக்கு இரண்டாம் முறை விதவை. புடவை மாற்றும் வேலை மட்டும் மிச்சம்.